குடல்பெரட்டி வளைவில் குலுங்காத வண்டி

பொன்னூத்து மலைக்கு ஏறுகிற பாதையை ரோடு என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் பச்சை மிளகாயைத் தேய்க்க வேண்டும் என்று பவளக்கொடி சொல்வாள். சொல்லிக்கொண்டே அதே பாதையில் தன் பழைய பிக்கப் வண்டியில் மலைவாழைத் தாரையும் காப்பிக்கொட்டை மூட்டையையும், பள்ளிக்கூடத்து வாத்தியாரையும், வெள்ளாட்டையும், வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆளையும் ஏற்றிக்கொண்டு தினமும் இறங்குவாள், தினமும் ஏறுவாள். அந்தப் பாதையில் கிளம்பின பால் கீழே போய்ச் சேரும்போது மோராகியிருக்கும். சண்டை போட்டுக்கொண்டு ஏறின புருசன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், பாசத்தில் இல்லை, பயத்தில். ஏழாவது வளைவில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு குழி இருந்தது. அந்த வளைவுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயரே குடல்பெரட்டி.

ரோடு போட்ட புண்ணியவான் வேறெங்கோ இருக்கவில்லை, அதே ஊரில் மாடிவீடு கட்டிக் குடியிருந்தார். காண்ட்ராக்டர் நாகமாணிக்கம். தலைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி மலைக்குத் தாரைத் தடவிவிட்டுப் போனார், முதல் மழையிலேயே அது கழுவிக்கொண்டு போய்விட்டது. கேட்டால், "மழைய நானா பெய்யச் சொன்னேன்?" என்பார். அவர் மலையை விட்டு இறங்குவதே அபூர்வம், எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பிவிடுவார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதுதான் அவருக்குப் பெரிய வேலை.

பவளக்கொடிக்கு ரோட்டின் மேல் இருந்த கோபம் வண்டிக்காக வந்த கோபம் இல்லை. அவள் புருசன் சடையாண்டி மிளகு பறிக்க ஏணி வைத்து ஏறி, ஏணியோடு சாய்ந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழுந்து நாலடி நடப்பதற்குள் வியர்த்துப் போகிற மனுசன். உட்காருவார், பேசுவார், ஊரையே கேலி பண்ணுவார், ஆனால் உடம்பு ஒரு குலுக்கல் தாங்காது. ஒரு தடவை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோகப் பார்த்தாள். மூன்றாவது வளைவிலேயே அவர் போட்ட சத்தத்தில் பவளக்கொடி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டி அழுதாள். அதற்கப்புறம் சடையாண்டி மலையை விட்டு இறங்கவில்லை.

இப்போது மகள் ரேணுகாவுக்குக் கல்யாணம். கீழே நூல் மில்லில் வேலை பார்த்தவள், அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டுக்கும் சம்மதமாகி, தேதியும் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் தாலி கட்டுவது அவர்கள் குலசாமி வாசலில்தான், வேறு இடத்தில் கட்டின வழக்கமே இல்லை, குலசாமியோ மலைக்குக் கீழே. ரேணுகா போனில் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா வந்து மணவறை பக்கத்துல உக்காந்தாத்தான் நான் கழுத்த நீட்டுவேன். இல்லேன்னா அவங்ககிட்டச் சொல்லிரு, பொண்ணு சன்னியாசம் போயிட்டான்னு."

"ஏண்டி, உங்கப்பா மாதிரியே பேசுறியே" என்று பவளக்கொடி திட்டினாள். போனை வைத்ததும் நேரே வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்க வேண்டிய இரும்புப் பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகிக் கிடந்தன. அவள் அந்த வருசத்து மிளகு மூட்டைகளை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கீழ்ச்சந்தையில் மெக்கானிக் பஷீரின் பட்டறையில் இறக்கினாள்.

"பஷீரு, இதை வித்துக்க. எனக்குப் புதுப் பட்டை வேணும், புது ஷாக்கு வேணும், புஷ்ஷு நட்டு போல்ட்டு எல்லாம் புதுசா வேணும். என் வீட்டுக்காரரை ஏத்திக்கிட்டு வரணும், அவரு மடியில வச்ச டம்ளர்த் தண்ணி சிந்தக்கூடாது."

பஷீர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே சொன்னான். "அக்கா, நான் வண்டியைத்தான் மாத்த முடியும். ரோட்டை மாத்த முடியாதுல்ல?"

"உன்னால ஆனதச் செய்யி. மிச்சத்த சாமி பாத்துக்கும்."

பஷீர் தன்னால் ஆனதைச் செய்தான். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரை மாற்றினான், புதுப் பட்டைகளை அடுக்கி இறுக்கினான், கிரீஸ் அடித்தான், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினான். கழற்றின பழைய பட்டைகளைக் காயலான் கடைக்குப் போடவா என்று கேட்டான். பவளக்கொடி பதறிப்போய் வேண்டாம் என்றாள்.

ஏனென்றால் பொன்னூத்தில் ஒரு வழக்கம். காலைக் குளிரில் அந்த வண்டி தானாகக் கிளம்பாது, ஊரே தள்ளித்தான் கிளப்பும். அதனால் வண்டியிலிருந்து எந்த இரும்பு கழன்றாலும் அது தள்ளினவர்களுக்குச் சொந்தம். சொக்கலிங்க ஆசாரியின் உலைக்குக் கொண்டுபோய், தேவையானதை அடித்து வாங்கிக்கொள்வார்கள். தள்ளாதவனுக்குப் பங்கு கிடையாது. வண்டிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு இணையான அரிவாள் உலகத்தில் இல்லை என்பது மலை முழுக்கத் தெரிந்த விசயம்.

அப்படியே பங்கும் நடந்தது. பக்கத்து வீட்டு மூக்காயி தன் பங்கில் அரிவாள்மணை அடித்து வாங்கினாள். டீக்கடைச் சுப்பையா அடுப்புக் கிளற ஒரு கம்பி வாங்கினார். சிலர் களைக்கொத்து, சிலர் அரிவாள், சிலர் சவரக்கத்தி. ராசம்மா காப்பிக்கொட்டை இடிக்கிற உலக்கைக்குப் பூண் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றிலும் நீளமான, கனமான தாய்ப் பட்டை மிச்சம் இருந்தபோது நாகமாணிக்கம் வந்து நின்று, தன் ஊஞ்சலுக்குக் கொக்கி அடிக்க அதுதான் வேண்டும் என்றார். அவர் ஒரு நாளும் வண்டியில் கைவைத்துத் தள்ளினதில்லை. ஆனாலும் பவளக்கொடி, கல்யாண வீட்டில் எதற்குச் சண்டை என்று, "குடுத்துவிடுங்க ஆசாரியாரே" என்று சொல்லிவிட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

அடுத்த நாள் புதுப் பட்டையோடு வண்டி கிளம்பியது. முதல் வளைவில் பவளக்கொடி வழக்கம்போலப் பல்லைக் கடித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வளைவில் பல்லை விட்டாள். கண்ணாடிக்கு முன்னால் வைத்திருந்த டீ டம்ளரில் ஆடை கூட அசையவில்லை. குடல்பெரட்டியில் முன்சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறுவதைக் கண்ணால் பார்த்தாள், ஆனால் உட்கார்ந்திருந்த இடத்தில், வீட்டில் பாயில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. பின்னால் நின்ற வெள்ளாடு அசைபோடுவதை நிறுத்தவே இல்லை.

அதே நேரத்தில் மலை மேலே மூக்காயி பூசணிக்காயை எடுக்கக் கை நீட்டினாள், அரிவாள்மணை துள்ளிக் குதித்து அவள் கை படுவதற்கு முன்னால் பூசணியை இரண்டாகப் பிளந்தது. சுப்பையாவின் அடுப்புக் கம்பி தானாகக் கரியைக் கிளறியது. ராசம்மா வீட்டு உலக்கை மூலையிலிருந்து எழுந்து உரலில் தொம் தொம்மென்று இடித்துவிட்டு மறுபடி மூலையில் சாய்ந்தது. நாகமாணிக்கத்தின் ஊஞ்சல் வளைவுக்கு வளைவு எகிறிக்கொண்டே போய், கடைசியில் அவரைத் தூக்கி எறிந்ததில் அவர் வெற்றிலைச் செல்லத்தின் மேல் போய் விழுந்தார்.

சாயங்காலம் டீக்கடை முன்னால் ஊர் கூடியது. இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் பேசினார்கள். "அத்தனை வருசமா அடி வாங்கிப் பழகுன இரும்பு, புதுசா ஒருத்தன் வந்துட்டான்னு விட்டுக்குடுக்குமா?" என்றார் ஆசாரி. அதுவும் சரிதானே என்று எல்லாரும் டீயைக் குடித்தார்கள். பேச்செல்லாம் மேற்கொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் நடந்தது. பவளக்கொடி வண்டி எடுக்கும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டியது, ஹாரன் கேட்டால் அரிவாளையெல்லாம் ஆணியில் மாட்டிவிட வேண்டியது, வண்டி போய்ச்சேரும்வரை எவனும் முகச்சவரம் பண்ணக்கூடாது. மூக்காயி மட்டும் ஹாரன் கேட்டதும் காயையெல்லாம் அரிவாள்மணைக்கு அடியில் பரப்பிவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கதை பேசப் போய்விடுவாள், திரும்பி வரும்போது அவியலுக்கு நறுக்கி முடிந்திருக்கும். ஊரின் காப்பிக்கொட்டை முழுவதும் ராசம்மா வீட்டு உரலுக்கு வந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தபடியே அடுப்புக் கம்பியைப் பார்த்து, "நாலாவது வளைவு தாண்டிட்டா, இன்னொரு டீ குடிக்க நேரம் இருக்கு" என்று வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் கணக்காகச் சொன்னார்கள். பால் பாலாகவே கீழே போய்ச் சேர்ந்தது, கீழ்ச்சந்தைக்காரர்கள் முதல் தடவையாகப் பொன்னூத்துப் பாலைக் காய்ச்சிக் குடித்தார்கள்.

ஊருக்குப் பிடித்த வேடிக்கை நாகமாணிக்கம் வீட்டு மதில் ஓரம்தான். ஹாரன் சத்தம் கேட்டால் குஞ்சுகுளுவானோடு எல்லாரும் அங்கே போய் நிற்பார்கள். அவர் ஊஞ்சலை விட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், உத்தரத்துக் கொக்கி உலுக்கின உலுக்கில் வீடே நாற்காலியை உலுக்கியது. சோற்றுத் தட்டு எகிறியது, ரசம் மூஞ்சியில் அடித்தது. ஒருநாள் ஆத்திரத்தோடு வந்து வண்டியை மறித்தார்.

"ஏம்மா பவளம், வண்டிய நிறுத்து. என் வீட்ல நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க முடியல."

"அண்ணே, நீங்க போட்ட ரோடுதான. பெத்தவரைத் தேடி வருது, வேறெங்க போகும்?"

மதில் ஓரத்தில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாகமாணிக்கம் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், ஏணி வைத்து ஏறி, கொக்கியைப் பிடுங்கி, கொண்டுபோய்ப் பள்ளத்தாக்கில் வீசிவிட்டார்.

மறுநாள் பவளக்கொடி டம்ளர் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டே இறங்கினாள். ஆறு வளைவும் சொகுசாகப் போயிற்று. குடல்பெரட்டியில் சக்கரம் இறங்கின உடனே பழைய அடி, அதே அடி, இன்னும் சொன்னால் கொஞ்ச நாள் வட்டியோடு சேர்த்து அடித்தது. டம்ளர் கூரையில் முட்டியது, வாழைத்தார்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன, பவளக்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். குடல்பெரட்டியின் அடியை வாங்குகிறது அந்தத் தாய்ப் பட்டைதான், யாரும் வைத்துப் புழங்காத இரும்பு அடியை வாங்காது, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

அவள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சடையாண்டி கட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

"பவளம், இங்க வா. விடு புள்ள. நீ போயி நடத்திட்டு வா, போட்டோ எடுத்துட்டு வந்து காட்டு. நான் இங்கேருந்தே அட்சதை போடுறேன், காத்து கொண்டுபோயிக் குடுக்கும்."

"வாய மூடுங்க!" என்று அவள் சீறினாள். "நீங்க பெத்த பொண்ணு, நீங்கதான் வரணும். காத்தாம், கொண்டுபோயிக் குடுக்குமாம்!" சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. கேலி பேசுகிற மனுசன் அப்படி இருந்ததை அவள் கல்யாணம் கட்டின நாளிலிருந்து பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மூக்காயி பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போனாள், என்ன சொன்னாளோ, விடிந்ததும் ஊரில் பாதிப்பேர் கயிறு கட்டிப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டார்கள். முள்ளுச்செடிக்குள் கிடந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஆசாரியின் பட்டறை முன்னால் போட்டார்கள்.

இதை யார் வைத்துக்கொள்வது? சுப்பையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து தன் பெஞ்சில் கட்டச்சொன்னார். பவளக்கொடி வண்டியை ஒருதரம் குடல்பெரட்டியில் விட்டு எடுத்தாள், பெஞ்சும் சுப்பையாவும் தனித்தனியாகக் கிடந்தார்கள். அவரைத் தூக்கி உட்காரவைத்து இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மூக்காயி கேட்டாள்.

"ஏன் ஆசாரியாரே, இத ஏன் முழுசா வச்சுக்கணும்? துண்டு துண்டா வெட்டி ஊருக்கே குடுத்துட்டா என்ன?"

ஆசாரி அவளைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், உலையை ஊதச் சொன்னார். அன்றைக்கும் மறுநாளும் பட்டறையில் சம்மட்டிச் சத்தம் ஓயவில்லை. பட்டையை வெட்டி, காய்ச்சி, மெல்லிசாக அடித்து, ஆளுக்கொரு இரும்புக் காப்பாக வளைத்துக் கொடுத்தார். குழந்தைகளுக்குச் சின்னக் காப்பு, பெரியவர்களுக்குப் பெரிய காப்பு. வாத்தியார் ஒன்று போட்டுக்கொண்டார், கோயில் பூசாரி ஒன்று போட்டுக்கொண்டார். பவளக்கொடி இன்னொரு தடவை வண்டியை விட்டுப் பார்த்தாள். குடல்பெரட்டி வந்தபோது ஊர் முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சாண் எழும்பி, "ஐயோ!" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். வண்டியில் தண்ணீர் சிந்தவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. காப்புப் போட்டவன் வண்டியில் ஏறினால் குலுக்கலும் கூடவே ஏறிக்கொள்ளும். சடையாண்டி குலுங்காமல் போகவேண்டும் என்றால் ஊர் கல்யாணத்துக்குப் போக முடியாது. பவளக்கொடி தலையில் கைவைத்துக்கொண்டாள். பொன்னூத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஊரே போகாமல் இருந்ததாகக் கேட்டதே இல்லை.

"நீ போ மதினி" என்றாள் மூக்காயி. "நாங்க இங்க உக்காந்து உன் மகளுக்குக் குலுங்குறோம். ஆனா ஒண்ணு. சாப்பாடு கொண்டுவராம மலை ஏறின, வண்டிச் சாவியப் புடுங்கிருவேன்."

கல்யாணத்தன்று காலையில் சடையாண்டிக்குப் பட்டுவேட்டி கட்டி, நாலுபேர் கட்டிலோடு தூக்கிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். மடியில் தாம்பாளம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, நடுவில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். பவளக்கொடி சாவியைத் திருப்பினாள். வண்டி குளிரில் இருமிவிட்டு நின்றுபோனது. ஊரே வந்து பின்னால் கைவைத்தது, ஏலேலோ என்று தள்ளியது, ஊரைத் தாண்டுகிற சின்ன ஏற்றத்தில் வண்டி அசைவேனா என்றது.

அப்போது நாகமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் இடம் விலக்கிக்கொண்டு போய் வண்டியில் தோளைக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. மூஞ்சி சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, செருப்பு அறுந்து, அவர் தள்ளின தள்ளில் வண்டி ஒருகணம் நகர்ந்து, உறுமி, பிடித்துக்கொண்டது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே ஆசாரி முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு போட்டுவிடுங்க."

ஆசாரி ஊரைப் பார்த்தார். தள்ளினவனுக்குப் பங்கு உண்டு, அதை மறுக்க எவனுக்கும் உரிமை இல்லை. கடைசியாக மிச்சம் இருந்த தடித்த காப்பை எடுத்து அவர் கையில் மாட்டி இறுக்கினார்.

பவளக்கொடி நீளமாக ஹாரன் அடித்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமியைக் கூப்பிட்டாள், ஆறு வளைவில் தெரிந்த சாமியெல்லாம் தீர்ந்துபோனது. குடல்பெரட்டியில் மூக்காயி பெயரையும் சுப்பையா பெயரையும் ராசம்மா பெயரையும் ஆசாரி பெயரையும் வாய்க்குள் சொன்னாள், யோசித்துவிட்டு நாகமாணிக்கத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். சக்கரம் இறங்கியது, ஏறியது. சொம்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. சடையாண்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, அந்தப் பலாமரம் இவ்வளவு பெரிசாகிவிட்டதா, அது யார் புதுசாக வீடு கட்டினது, என்று பேசிக்கொண்டே வந்தார், பேச்சு நடுவில் கண்ணசந்துவிட்டார்.

குலசாமி வாசலில் வண்டி நின்றது. மேளம் கேட்டுக் கண் விழித்தார்.

"என்ன புள்ள, இன்னும் கிளம்பலையா?"

மணப்பெண் கோலத்தில் ரேணுகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, கதவைத் திறந்து, அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தலை இடித்ததில்தான் சொம்புத் தண்ணீர் முதல் தடவையாகச் சிந்தியது. சடையாண்டி மணவறை பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மகள் கையைப் பிடித்துக் கொடுத்து, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் பேர் பேராகக் கேலி பண்ணி, இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொழுது சாய்வதற்குள் வண்டி திரும்பியது. பின்னால் அண்டா அண்டாவாகச் சோறு, சாம்பார், பாயசம், வடை. கடைசி வளைவில் திரும்பினால் டீக்கடை மைதானம் கண்ணுக்கு நேரே தெரியும். ஊர் முழுவதும் அங்கே நின்றது, கையெல்லாம் காப்பு. வண்டி ஒரு குழியில் இறங்கியது, ஊரே எழும்பிக் கூத்தாடி இறங்கியது. குழந்தைகள் இன்னும் இன்னும் என்று கத்தின. எல்லாருக்கும் மேலே, தடித்த காப்புப் போட்ட நாகமாணிக்கம் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கே ஜல்லி எறக்குறேன் தாயி! என் சொந்தக் காசுல எறக்குறேன்!" என்று அவர் மேலே போகும்போது பாதியும் கீழே வரும்போது பாதியுமாகக் கத்தியது வண்டிவரைக்கும் கேட்டது.

சடையாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டுப் பெண்டாட்டி பக்கம் சாய்ந்தார்.

"பவளம், நாளைக்கு ரோடு நல்லாயிரும் போல. அந்தக் குழில இன்னொருக்கா விடு புள்ள."

பவளக்கொடி ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.